எண்ணும் பெயரும்: இணைய முகவரி வளர்ந்த வரலாறு

தோற்றுவாய்

பிறந்த ஊரை விட்டுப் பிழைப்பின் பொருட்டு வேற்றூர் புகுந்த குடும்பங்களுக்கு முகவரியின் அருமையை எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. "மேலத்தெரு, பிள்ளையார் கோயிலுக்கு எதிர்வீடு" என்று எழுதினாலே கடிதம் கைக்கு வந்து சேரும் சிற்றூர்களிலிருந்து புறப்பட்ட தமிழர், தில்லியிலும் பம்பாயிலும் கல்கத்தாவிலும் குடியேறியபோது, தம் இருப்பிடத்தைப் பகுதி எண், கட்டட எண், மாடி எண் எனப் பல எண்களால் குறிக்கக் கற்றுக்கொண்டனர். ஊரில் இருந்த அன்னையோ தமிழ் எழுத்து ஒன்றையே அறிவார். அவர் தமிழில் எழுதிய உறையை வடபுலத்து அஞ்சற்காரர் படித்தல் இயலாது. ஆகவே தன் முகவரியை ஆங்கிலத்தில் எழுதிய உறைகளை மகனே கட்டாக ஊருக்கு அனுப்பிவைத்தல் அக்காலக் குடும்பங்கள் பலவற்றில் இருந்த வழக்கம். உள்ளே இருக்கும் மடல் தமிழ். உறையின்மேல் இருக்கும் முகவரி பிறமொழி. இந்நிலை இணையத்திலும் நெடுங்காலம் நிலவியது என்பதை இக்கட்டுரையின் பிற்பகுதியில் காண்போம்.

1972 ஆம் ஆண்டு ஆகஸ்டு 15 ஆம் நாள் இந்திய அஞ்சல் துறை ஆறு இலக்க அஞ்சல் குறியீட்டு எண்ணை நடைமுறைக்குக் கொணர்ந்தது. வடமொழிக் கவிஞராகவும் அஞ்சல் துறை உயர் அலுவலராகவும் விளங்கிய ஸ்ரீராம் பிகாஜி வேலங்கர் இம்முறையை வகுத்தவர். ஒரே பெயர் கொண்ட ஊர்கள் பலவாக இருந்ததும், மக்கள் பல மொழிகளில் முகவரி எழுதியதும், எழுத்துப் பிழைகள் மலிந்ததும் இதற்குக் காரணங்களாயின. முதல் இலக்கம் நாட்டின் மண்டலத்தையும், முதல் மூன்று இலக்கங்கள் சேர்ந்து அஞ்சல் பிரிக்கும் மாவட்டத்தையும், இறுதி மூன்று இலக்கங்கள் கடிதத்தைப் பட்டுவாடா செய்யும் அஞ்சலகத்தையும் குறிக்கும். 6 எனத் தொடங்கின் தமிழகமும் கேரளமும். 11 எனத் தொடங்கின் தில்லி. இவ்வாறு எண் ஒன்று மொழி வேறுபாட்டைக் கடந்து கடிதத்தைக் கொண்டு சேர்த்தது.

எனினும் எந்த மனிதரும் தம் ஊரை எண்ணால் நினைப்பதில்லை. பொறிக்கும் அலுவலகத்துக்கும் எண் எளிது. மனிதரின் நினைவுக்குப் பெயரே எளிது. இவ்விரண்டு தேவைகளையும் ஒருங்கே நிறைவு செய்வது எவ்வாறு என்னும் வினாவே இணைய முகவரியின் வரலாறு முழுவதும் ஊடுருவி நிற்கின்றது. அவ்வரலாற்றைச் சுருங்க உரைப்பதும், அதில் தமிழுக்கு உரிய பங்கினை ஆராய்வதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எண்ணுக்குப் பெயரிட்ட வரலாறு

1969 ஆம் ஆண்டு அக்டோபர் 29 ஆம் நாள், அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் பொருளுதவியால் அமைந்த 'ஆர்ப்பாநெட்' என்னும் வலையமைப்பில், கலிபோர்னியாவின் இரு கணிப்பொறிகளிடையே முதற்செய்தி சென்றது. தொடக்கத்தில் இவ்வலையில் இணைந்த கணிப்பொறிகள் மிகச் சில. ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு. அவ்வெண்களை நினைவிற் கொள்வது கடினமாயிருந்தமையின், ஒவ்வொரு கணிப்பொறிக்கும் ஒரு பெயரிட்டு, எப்பெயருக்கு எவ்வெண் என்பதை ஒரே பட்டியலில் எழுதி வைத்தனர். ஸ்டான்போர்டு ஆராய்ச்சி நிறுவனத்தில் எலிசபெத் ஃபெய்ன்லர் என்னும் அம்மையாரின் தலைமையில் இயங்கிய தகவல் நடுவம் அப்பட்டியலைப் பேணிவந்தது. புதிதாக ஒரு கணிப்பொறியை இணைப்போர் அந்நடுவத்துக்குச் சொல்லி அனுப்புவர். பெயர் பட்டியலில் ஏறும். ஏனைய கணிப்பொறிகள் அப்பட்டியலைப் படியெடுத்துக்கொள்ளும். ஊர்க் கணக்கர் ஒருவரே அனைவர் பெயரையும் ஒரே ஏட்டில் எழுதி வைத்ததைப் போன்ற ஏற்பாடு அது.

ஊர் சிறிதாய் இருக்கும் வரையில் ஒரு கணக்கர் போதும். ஊர் நகரமானால் போதாது. பட்டியல் நாள்தோறும் நீண்டது; படியெடுப்பதே பெருஞ்சுமையாயிற்று. ஜான் போஸ்டல் என்னும் அறிஞர் இச்சிக்கலைத் தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் தகவல் அறிவியல் நிறுவனத்தில் பணியாற்றிய பால் மொக்காபெட்ரிஸிடம் ஒப்படைத்தார். அவர் 1983 ஆம் ஆண்டு நவம்பரில் வெளியிட்ட இரண்டு ஆவணங்களில் இன்றளவும் வழங்கும் பெயரமைப்பு முறையை வகுத்தளித்தார். ஒரே ஏட்டை வைத்துக்கொள்ளாமல், பெயர்களைக் கிளை கிளையாகப் பிரித்து, ஒவ்வொரு கிளையின் பொறுப்பையும் அவ்வக் கிளைக்கு உரியோரிடமே விடுத்தல் இதன் அடிப்படை. மேல்நிலையில் இருப்பவர் அனைத்தையும் அறிய வேண்டுவதில்லை. எவரிடம் கேட்க வேண்டும் என்பதை அறிந்தால் போதும். நாம் உறையின்மேல் ஆளின் பெயரை முதலிலும் தெருவை அடுத்தும் நாட்டை இறுதியிலும் எழுதுவது போலவே, இம்முறையிலும் சிறியது முன்னும் பெரியது பின்னும் நிற்கும். இந்தியாவைக் குறிக்கும் 'இன்' என்னும் ஈற்றுப் பெயர் 1989 ஆம் ஆண்டில் பதிவாயிற்று.

கணிப்பொறிக்குப் பெயர் அமைந்தது. ஆயின் அக்கணிப்பொறியினுள் இருக்கும் கட்டுரைக்கும் கவிதைக்கும் முகவரி அமைந்தது அதன் பின்னரே.

பக்கத்திற்கு ஒரு முகவரி

சுவிட்சர்லாந்தின் ஜெனீவா நகரை அடுத்த செர்ன் அணு ஆராய்ச்சி நடுவத்தில் பணியாற்றிய டிம் பெர்னர்ஸ்-லீ என்னும் ஆங்கிலேயர், 1989 இல் வையவிரிவு வலைக்கான திட்டத்தை முன்வைத்து, 1990 ஆம் ஆண்டின் இறுதியில் முதல் வலைத்தளத்தை இயக்கிக் காட்டினார். ஆவணம் எங்கிருப்பினும் அதனைச் சுட்டும் ஒரே வகை முகவரி வேண்டும் என்பது அவர் சிந்தனையின் உயிர்நாடி. முதல் வலைப்பக்கத்தின் முகவரியில் 'திட்டம்' என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லே அமைந்திருந்தது. படிப்போர் அப்பக்கம் எதைப் பற்றியது என்பதை முகவரியைக் கண்ட அளவிலேயே உணரலாம். தெளிந்த முகவரி என்பது பின்னாளில் எவரோ கண்டுபிடித்த புதுமையன்று. வலையின் பிறப்பிலேயே இருந்த பண்பு அது.

1994 ஆம் ஆண்டு டிசம்பரில் முகவரியின் இலக்கணம் முறையாக வகுக்கப்பெற்றது. முதலில் தொடர்பு முறை, அடுத்து முக்காற்புள்ளியும் இரு சாய்கோடுகளும், பின்னர்த் தளத்தின் பெயர், அதன் பின் பக்கத்துக்குச் செல்லும் வழி என்பது அவ்விலக்கணம். அவ்விரு சாய்கோடுகளும் உண்மையில் தேவையற்றவை என்று பெர்னர்ஸ்-லீ அவர்களே 2009 இல் ஒப்புக்கொண்டார். ஈண்டு ஒரு நுட்பத்தைக் கருதலாம். தளத்தின் பெயரில் சிறியது முன்னும் பெரியது பின்னும் வருகின்றது; வழியிலோ பெரியது முன்னும் சிறியது பின்னும் வருகின்றது. இரு வேறு காலத்தில் இரு வேறு கைகள் கட்டிய வீட்டில் வாயிற்படிகள் எதிரெதிராக அமைந்தது போன்றது இது.

வினாக்குறியின் காலம்

தொடக்ககால வலைத்தளங்களில் ஒவ்வொரு பக்கமும் ஒரு தனிக் கோப்பு. கோப்பின் பெயரே முகவரியாகும். பக்கங்கள் ஆயிரக்கணக்கில் பெருகியபோது, அவற்றைத் தரவுத்தளத்தில் இட்டு வைத்து, படிப்பவர் கேட்கும்போது மட்டும் பக்கத்தைத் தொகுத்துக் காட்டும் முறை 1990களின் நடுவில் பரவிற்று. இதனால் உழைப்பு குறைந்தது, முகவரி சிதைந்தது. கட்டுரையின் பெயர் இருந்த இடத்தில் ஒரு வினாக்குறியும், அதன்பின் 'எண் சமம் 4827, பிரிவு சமம் 12, பக்கம் சமம் 3' என்பன போன்ற தொடர்களும் வந்து நின்றன. தளத்துக்கு வருகை தருவோர் ஒவ்வொருவருக்கும் ஒரு தனி எண் கொடுத்து, அதையும் முகவரியின் வாலில் ஒட்டிய தளங்கள் பல. அவ்வகைத் தளத்தில் ஒரே கட்டுரையை நூறு பேர் படித்தால் அதற்கு நூறு முகவரிகள் தோன்றின.

இந்நிலையில் இரு சாரார் இடர்ப்பட்டனர். ஒரு சாரார் மனிதர். அத்தகைய முகவரியை வாயால் சொல்லவோ, அட்டையில் எழுதவோ, தொலைபேசியில் உறவினருக்கு உரைக்கவோ இயலாது. மற்றொரு சாரார் தேடுபொறிகள். வலையெங்கும் உலவிப் பக்கங்களைப் படித்து அட்டவணை செய்யும் இப்பொறிகள், வினாக்குறி கொண்ட முகவரிகளைக் கண்டால் அந்நாளில் அஞ்சின. ஒரே பக்கம் முடிவின்றிப் புதுப்புது முகவரிகளோடு தோன்றும் சுழலில் அவை சிக்கிக்கொள்ளக்கூடும். ஆகவே அப்பக்கங்களில் பலவற்றை அவை படியாமலே விட்டன. தேடுபொறி அறியாத பக்கம், நூலகத்தில் பட்டியலிடப்படாத சுவடியை ஒத்தது. இருந்தும் அது இல்லாததற்கே சமம்.

இவ்விடருக்குத் தீர்வு 1996 ஆம் ஆண்டு ஏப்ரலில் செருமானிய நாட்டவரான ரால்ஃப் எங்கெல்ஷாலின் கையால் பிறந்தது. 'அப்பாச்சி' என்னும் வலைவழங்கி மென்பொருளுக்கு அவர் எழுதிய ஒரு துணைக்கருவி, வெளியே தெளிந்த சொற்களால் அமைந்த முகவரியைப் பெற்று, உள்ளே தரவுத்தளம் வேண்டும் எண் வடிவ முகவரியாக மாற்றித் தந்தது. 1997 ஆம் ஆண்டு சூலையில் அதனை அவர் அப்பாச்சிக் குழுவினருக்கே கொடையாக அளித்தார். வாயிலில் நிற்கும் காவலர், 'இன்னாரைக் காண வேண்டும்' என்று பெயர் சொல்லி வருவோரை அழைத்து, உரிய அறை எண்ணுக்கு அனுப்புவதைப் போன்ற பணி அது. வருவோர் அறை எண்ணை அறிய வேண்டுவதில்லை; உள்ளே இருப்போர் எண் முறையைக் கைவிடவும் வேண்டுவதில்லை. பெயரும் எண்ணும் ஒருவாறு உடன்பட்டன.

தொகைநூலோர் காட்டிய நெறி

இத்தகைய உடன்பாடு தமிழ் மரபுக்குப் புதியதன்று என்பதை ஈண்டுச் சுட்டுதல் பொருந்தும். குறுந்தொகையின் 40 ஆம் பாட்டை இயற்றிய புலவரின் இயற்பெயர் நமக்குக் கிட்டவில்லை. பாட்டில் செம்மண் நிலத்தில் பெய்த மழைநீர் உவமையாக வந்தமையின், அத்தொடரைக் கொண்டே அவரைச் 'செம்புலப்பெயல்நீரார்' என்றழைத்தனர். 'அணிலாடு முன்றிலார்' என்பதும், 'தேய்புரி பழங்கயிற்றினார்' என்பதும் இவ்வாறு பாட்டின் உள்ளிருந்து எடுத்த பெயர்களே. 40 என்னும் எண்ணால் தேடிச் சென்று பாட்டை அடையலாம். ஆயின் எண்ணைக் கேட்ட மாத்திரத்தில் எவர் நெஞ்சிலும் ஒரு காட்சி தோன்றாது. செம்புலப்பெயல்நீரார் என்றவுடனே அறிந்தவருக்குப் பாட்டு முழுவதும் கண்முன் நிற்கும். உள்ளடக்கத்தினின்று ஒரு தொடரைத் தெரிந்து, அதனையே அடையாளமாக்குவதுதான் இன்றைய இணைய நூலார் முகவரியில் செய்ய முயல்வதும்.

தொகைநூல்களில் மற்றொரு படிப்பினையும் உண்டு. புறநானூற்றின் 267, 268 ஆம் பாட்டுகள் கிடைத்தில. ஆயினும் அவ்விரு எண்களும் வேறு பாட்டுகளுக்கு அளிக்கப்படவில்லை. இடம் வெற்றிடமாகவே நிற்கின்றது. அதனால் அடுத்து வரும் பாட்டுகளின் எண்கள் மாறவில்லை; பிற நூல்களில் எடுத்தாண்ட மேற்கோள் எண்களும் பிழைபடவில்லை. ஒரு முறை ஒன்றற்கு வழங்கிய முகவரியை மற்றொன்றற்கு வழங்கலாகாது என்னும் நெறியை இதனினும் தெளிவாக உணர்த்த இயலாது.

தேடுபொறியும் சொற்களும்

1998 இல் நிறுவப்பெற்ற கூகுள் முதலான தேடுபொறிகள் வளர்ந்த பின்னர், முகவரி அமைத்தல் ஒரு தொழிற்கலையாயிற்று. முகவரியின் ஈற்றில் நிற்கும் தலைப்புத் தொடரை ஆங்கிலத்தில் 'ஸ்லக்' என்பர். இச்சொல் அச்சுக்கூடத்தினின்று வந்தது. ஈயத்தில் வார்த்த ஒருவரி எழுத்துக்கட்டைக்கும், செய்தியாளர் தம் செய்தியை அடையாளப்படுத்த இட்ட குறும்பெயருக்கும் வழங்கிய பெயர் அது. இத்தொடரில் சொற்களைப் பிரிக்க அடிக்கோட்டை விடுத்துச் சிறுகோட்டை இடுவதே நன்று என்று கூகுள் நிறுவனம் அறிவுறுத்திற்று. அடிக்கோடு இட்டால் இரு சொல் ஒரு சொல்லாக எண்ணப்படும் வாய்ப்புண்டு. நம் எழுத்தில் சொற்களைப் பிரித்தும் சேர்த்தும் எழுதுவதால் பொருள் மயங்கும் என்பதை அறிந்த தமிழருக்கு இதன் நுட்பம் எளிதில் விளங்கும்.

இத்துறையில் மிகைப்பட்ட நம்பிக்கைகளும் எழுந்தன. முகவரியில் சொற்களை அடுக்கினால் தேடல் பட்டியலில் முதலிடம் கிட்டும் என்று நம்பி, ஒரே சொல்லைப் பன்முறை திணித்தோர் உண்டு. முகவரிச் சொற்களால் தரவரிசை உயர்வது மிகச் சிறிதே என்பது கூகுள் நிறுவனத்தின் வழிகாட்டி உரைக்கும் உண்மை. வினாக்குறி கொண்ட முகவரிகளையும் தம் பொறி கையாளும் என்று அந்நிறுவனம் 2008 இல் விளக்கிற்று. 2009 பிப்ரவரியில் கூகுள், யாஹூ, மைக்ரோசாப்ட் ஆகிய மூன்றும் கூடி, ஒரே பக்கத்துக்குப் பல முகவரிகள் இருப்பின் அவற்றுள் தலைமையானது எது என்பதைத் தளத்தார் குறிப்பதற்கு ஒரு வழி வகுத்தன. ஆகவே தெளிந்த முகவரியின் முதற்பயன் பொறிக்கு உரியதன்று. பட்டியலில் பத்து இணைப்புகளைக் கண்டு, எதனைத் திறப்பது என்று தயங்கும் மனிதருக்கு உரியது.

தமிழ் எழுத்தில் முகவரி

இனித் தமிழின் நிலையைக் காண்போம். இணைய முகவரியின் இலக்கணம் வகுக்கப்பெற்றபோது அதில் உரோமன் எழுத்துகளுக்கும் எண்களுக்கும் சில குறிகளுக்கும் மட்டுமே இடம் இருந்தது. உள்ளே தமிழ், உறையின்மேல் பிறமொழி என்னும் பழைய நிலை மீண்டும் வந்தது. தமிழ்த் தலைப்பை உரோமன் எழுத்தில் பெயர்த்து எழுதினர். அவ்வாறு எழுதுங்கால் பல்லியும் பள்ளியும் ஒன்றாயின. மனமும் மணமும் ஒன்றாயின. 'தமிழ்' என்னும் பெயரின் இறுதி எழுத்தையே மூவகையாக எழுதுவோர் உளர். தேடுவோர் எவ்வகையில் எழுதித் தேடுவர் என்பதை எவர் அறிவார்?

1998 ஆம் ஆண்டு பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டம் இச்சிக்கலை எண்ணால் கடந்தது. உலகெங்கும் வாழும் தமிழ்த் தொண்டர்கள் தட்டச்சிட்டுத் தந்த பழந்தமிழ் நூல்களுக்கு அது வரிசை எண் இட்டது. திருக்குறளுக்கு உரிய எண் 0001. முகவரியில் வள்ளுவரின் பெயரும் இல்லை. குறளின் பெயரும் இல்லை. எனினும் எண் மாறாமையின், அதனை ஒருமுறை குறித்துக்கொண்டவர் மீண்டும் நூலை அடைதல் எளிதாயிற்று. எண்ணின் வலிமையும் குறையும் இங்கு ஒருங்கே விளங்கும்.

இதற்கிடையே எழுத்துக் குறியேற்றத்தில் மாற்றம் நிகழ்ந்தது. உலக மொழிகளுக்குப் பொதுவான யூனிகோடு 1991 இல் வெளிவந்தபோதே தமிழுக்கு அதில் இடம் கிடைத்தது. 1992 இல் கென் தாம்சன், ராப் பைக் ஆகியோர் வகுத்த 'யூடிஎஃப்-8' முறை பின்னர் வலையெங்கும் நிலைபெற்றது. இதனால் தமிழை முகவரியிலும் எழுத வழி பிறந்தது. ஆயின் ஒரு தடை எஞ்சிற்று. யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியும் மூன்று பைட்டுகளாகும். முகவரியில் ஒவ்வொரு பைட்டும் விழுக்காட்டுக் குறி ஒன்றும் அதனைத் தொடரும் இரு குறிகளுமாக விரியும். 'தமிழ்' என்னும் சொல்லில் கண்ணுக்குத் தெரியும் எழுத்துகள் மூன்று. கணிப்பொறியின் கணக்கில் உயிர்க்குறியும் புள்ளியும் தனித்தனியே எண்ணப்படுவதால் குறிகள் ஐந்து, பைட்டுகள் 15, முகவரியில் விரியும்போது 45 இடங்கள். 'திருக்குறள்' என்னும் ஆறெழுத்துச் சொல்லோ 99 இடங்களைப் பிடிக்கும். 2003 இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா தன் கட்டுரைகளின் தமிழ்த் தலைப்பையே முகவரியாகக் கொண்டுள்ளது. உலாவியில் அது அழகிய தமிழாகத் தோன்றும். அதனைப் படியெடுத்து மடலில் ஒட்டினாலோ, பல வேளைகளில் பொருளற்ற குறிகளின் நீண்ட வரிசையாக மாறிவிடும். அறிந்த மனிதரே அதனைக் கண்டு ஏதோ பழுதென்று ஐயுறுவர்.

தளத்தின் பெயரிலும் தமிழ் இடம்பெற்ற வரலாறு தனிச் சிறப்புடையது. பிறமொழி எழுத்துகளில் தளப்பெயர் அமைக்கும் முயற்சியில் 1990களின் பிற்பகுதியில் சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டான் டின் வீ குழுவினர் முன்னின்றனர். 2003 இல் இதற்கான பொதுநெறி வெளியாயிற்று. இந்நெறியின்படி தமிழ்ப் பெயர் கண்ணுக்குத் தமிழாகவே தோன்றும். உள்ளே அது உரோமன் எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு மறைப்பெயராக மாறிப் பழைய பெயரமைப்பில் தங்கும். 2010ஐ ஒட்டிய ஆண்டுகளில் 'இந்தியா', 'இலங்கை', 'சிங்கப்பூர்' என்னும் மூன்று பெயர்கள் தமிழ் எழுத்திலேயே ஈற்றுப் பெயர்களாக ஏற்கப்பெற்றன. மூன்று நாடுகள் தம் பெயரைத் தமிழில் எழுதி உலகப் பெயரமைப்பின் வேரில் பதித்தமை தமிழர் யாவரும் நினைந்து மகிழத் தக்கது.

இதிலும் விழிப்புத் தேவை. தமிழ் எண்களில் ஏழைக் குறிக்கும் '௭' எகரத்தையும், எட்டைக் குறிக்கும் '௮' அகரத்தையும் ஒத்திருக்கும். 'ஔ' என்னும் ஓரெழுத்தும் 'ஒள' என்னும் ஈரெழுத்தும் கண்ணுக்கு ஒன்றே. இவ்வொற்றுமையைக் கொண்டு போலி முகவரி படைத்து ஏமாற்றுதல் கூடும். ஆதலின் எவ்வெழுத்துகளைப் பெயரில் ஏற்கலாம் என்பதற்கு விதிகள் வகுக்க வேண்டியதாயிற்று. எழுத்தியலை முதலில் வைத்த தொல்காப்பிய மரபினர்க்கு எழுத்தின் வரையறை எத்துணை இன்றியமையாதது என்பதை விரித்துரைக்க வேண்டா.

மாறும் பெயரும் மாறா முகவரியும்

பெயர் நினைவுக்கு இனியது. ஆயின் பெயர் மாறும் இயல்பினது. சென்னை மாகாணம் 1969 சனவரி 14 இல் தமிழ்நாடு என்னும் பெயர் பெற்றது. 1995 இல் பம்பாய் மும்பையாயிற்று. 1996 இல் மெட்ராஸ் என்னும் ஆங்கில வழக்கு நீங்கிச் சென்னை என்பதே அலுவல் பெயராயிற்று. 'மெட்ராஸ்' என்னும் சொல்லை முகவரியில் பொறித்த பக்கம், பெயர் மாறிய நாளன்று யாது செய்தல் வேண்டும்? பழைய முகவரியை அழித்துப் புதியது இட்டால், பழையதைக் குறித்து வைத்தோர் அனைவரும் வாயிற்கதவு அடைத்த வீட்டின்முன் நிற்பர்.

இதுபற்றி 1998 இல் டிம் பெர்னர்ஸ்-லீ ஒரு புகழ்பெற்ற கட்டுரை வரைந்தார். நல்ல முகவரிகள் மாறுவதில்லை என்பது அதன் மையக் கருத்து. முகவரிகள் தாமாக மாறுவதில்லை, மனிதரே மாற்றுகின்றனர் என்று அவர் வலியுறுத்தினார். கோப்பின் வகையைக் குறிக்கும் ஈற்றுக் குறிகள், பயன்படுத்தும் மென்பொருளின் அடையாளம், பிறகு மாறக்கூடிய துறைப்பிரிவு ஆகியவற்றை முகவரியில் சேர்க்கலாகாது என்பது அவர் அறிவுரை. ஆவணம் பிறந்த ஆண்டோ எந்நாளும் மாறாதது, அதனைச் சேர்க்கலாம்.

இயலாதவிடத்து இடமாற்றத்தை அறிவிக்கும் முறையும் உண்டு. வீடு மாறுவோர் அஞ்சலகத்தில் புது முகவரியை எழுதிக் கொடுத்தால், பழைய முகவரிக்கு வரும் கடிதங்கள் புதிய வீட்டைத் தேடி வரும். வலையில் அப்பணியைச் செய்வது 301 என்னும் குறியெண். 'நிலையாக இடம் மாறிற்று' என்பது அதன் பொருள். அவ்வறிவிப்பு இன்றேல், 404 என்னும் குறியெண்ணே விடையாக வரும். 'காணப்படவில்லை' என்பது அதன் பொருள்.

1990களில் அமெரிக்காவில் தோன்றிய 'ஜியோசிட்டிஸ்' என்னும் தளம், தனி மனிதர்க்கு இலவசமாக வலைப்பக்கம் அமைக்க இடம் தந்தது. நகரில் வீடு வழங்குவது போலவே அது முகவரி வழங்கிற்று. இலக்கியமும் கல்வியும் பற்றி எழுதுவோர்க்கு 'ஏதென்ஸ்' என்னும் குடியிருப்பு. அதனுள் ஒவ்வொருவருக்கும் ஒரு வீட்டு எண். வெளிநாடுகளில் வாழ்ந்த தமிழர் சிலரும் தம் தொடக்ககாலத் தமிழ்ப் பக்கங்களை இங்கு அமைத்தனர். 1999 இல் அத்தளம் யாஹூவின் உடைமையாயிற்று. 2009 அக்டோபரில் மூடப்பெற்றது. குடியிருப்புகள் யாவும் ஒருங்கே மறைந்தன. 1996 இல் புரூஸ்டர் கேல் நிறுவிய இணைய ஆவணகமும், தன்னார்வத் தொண்டர் சிலரும் இயன்றவற்றைப் படியெடுத்துக் காத்தனர். ஆயினும் அப்படிகளைக் காணப் பழைய முகவரி தெரிந்திருத்தல் வேண்டும். முகவரியை மறந்தோர்க்கு அவை எட்டாக்கனியே.

என் பட்டறிவு ஒன்றையும் இங்குக் கூறுவேன். வடநாட்டு நகரம் ஒன்றில் தமிழ்ப் பள்ளி தோன்றிய வரலாறு பற்றிய கட்டுரை ஒன்றை, ஓர் அமைப்பின் தளத்தில் படித்து மகிழ்ந்து, அதன் முகவரியை என் குறிப்பேட்டில் எழுதி வைத்தேன். வினாக்குறியும் எண்களும் நிறைந்த முகவரி அது. சில ஆண்டுகள் கழித்து மீண்டும் தேடியபோது தளம் புதுக்கோலம் பூண்டிருந்தது. முகவரி 404 என்றது. கட்டுரையின் பெயரேனும் முகவரியில் இருந்திருப்பின் அதனைக் கொண்டு தேடியிருப்பேன். அரிசியும் பருப்பும் போட்டு வைத்த கொட்டகையில் மாலை வகுப்பு நடந்த செய்தியும், முதல் ஆசிரியர் ஊதியமின்றிப் பணியாற்றிய செய்தியும் என் நினைவில் மட்டுமே உள்ளன. நினைவைச் சான்றாகக் காட்டி வரலாறு எழுத இயலுமா?

முடிவுரை

புலம்பெயர்ந்த தமிழர் தம் வரலாற்றைப் பெரும்பாலும் இத்தகைய மலர்களிலேயே எழுதி வைத்துள்ளனர். சங்கம் தோன்றிய கதை, முதல் நூலகம் அமைந்த கதை, கோயில் எழுந்த கதை ஆகியவை பிற நூல்களில் அரிதாகவே இடம்பெறும். இம்மலர்களை ஒளிவருடி இணையத்தில் ஏற்றும் நற்பணி இன்று பல இடங்களிலும் நடைபெறுகின்றது. அப்பணியில் ஈடுபடுவோர், ஏற்றுவதோடு கடமை முடிந்ததென எண்ணாது, முகவரியையும் கருத்திற் கொள்ளுதல் வேண்டும். பொறி தானாக இடும் கோப்பெண்ணை அவ்வாறே விட்டுவிடாமல், மலரின் பெயரும் ஆண்டும் கட்டுரையின் தலைப்பும் விளங்கச் சுருங்கிய முகவரி இடுக. மாறும் இயல்புடைய பிரிவுகளையும் மென்பொருள் அடையாளங்களையும் அதில் நுழைக்காதீர். சொற்களைச் சிறுகோட்டால் பிரித்திடுக. தமிழெழுத்தில் நீண்ட தலைப்பு இடுவதாயின் அதனோடு ஒரு நிலையான எண்ணையும் சேர்த்து வழங்குக; தலைப்பு சிதைந்தாலும் எண் வழிகாட்டும். தளம் இடம்பெயருங்கால் பழைய முகவரிகள் அனைத்தும் புதியவற்றுக்கு வழிகாட்டுமாறு செய்க.

தில்லிக்கு வந்த மகன், தன் முகவரி எழுதிய உறைகளை ஊருக்கு அனுப்பியதன் காரணம் எளியது. தாய் எழுதும் மடல் தவறாமல் தன்னை வந்து சேர வேண்டும் என்பதே அது. இன்று நாம் எழுதி வைக்கும் மடல்களைப் படிக்க வேண்டியவர் இனிப் பிறக்கும் பேரரும் கொள்ளுப்பேரரும். அவர்கள் எந்நகரில் வாழ்வர் என்பதை நாம் அறியோம். அவர்கள் தேடும்போது கைக்கு எட்டும் உறையொன்றை இன்றே எழுதி வைப்பது நம் கடமையாகும்.